பல்லி வராத பெட்டி

தளவானூரில் ஒரு மோட்டார் கொட்டகைக்குள் ஸ்க்ரூடிரைவரோடு கால் மணி நேரம் நின்றேன். மெயினை அணைத்துவிட்டோமா என்று மூன்று முறை பார்த்தாயிற்று. இனி சுவரில் இருந்த பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.

"இன்னா சார், உள்ள பாம்பு கீது இருக்குதா? தொறக்காமயே நிக்கிற," என்றார் நிலத்துக்காரம்மா.

"பல்லி இருக்குமோன்னு பயம்மா."

"பல்லிக்கா? இந்த வயசுலயா?"

அந்தப் பெட்டியை வடிவமைத்தவனே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வயலுக்கு மும்முனை கரண்ட் வந்ததும் அது விவசாயிக்கு போன் போடும். வீட்டிலிருந்தே ஓர் எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில், நானும் என் கூட்டாளியும் ஆரம்பித்தது. அவன் மேல்சித்தாமூர்க்காரன், சமணக் குடும்பம். நான் பேசுவேன், அவன் யோசிப்பான். தொழில் நன்றாகவே நடந்தது.

பல்லிதான் எங்களைப் பிரித்தது. பெட்டிக்குள் புகுந்து, இரண்டு முனையைத் தொட்டு, தானும் செத்து சர்க்யூட் போர்டையும் எரித்துவிடும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்: போர்டின் மேல் ரெசின் பசையை ஊற்றிக் கெட்டியாக்குவது. பல்லி ஒழிந்தது. ஆனால் மோட்டாரைப் போட்டு அணைக்கும் ஒரு சின்ன ரிலே போனாலும் யாராலும் பிரிக்க முடியாது. முழுப் பெட்டியும் குப்பை. கடைக்குப் பின்னால் அவை குவிந்தன.

"செஞ்சியில மலைக்கு பஞ்சமாடா? நீ வேற ஒண்ணு கட்டினு இருக்குற," என்றான் அவன். பிறகு பொறுமையாகச் சொன்னான்: "பல்லி சூட்டுக்குதான் வருது. மோட்டார் ஓடாதப்பவும் நம்ம பெட்டி ஏன் சும்மா சுடுது? அந்த கரண்ட்டு வீண்தானே? அத நிறுத்து, பல்லி ஏன் வருது?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் இருந்தால் என் நாக்குக்கு மெயின் ஸ்விட்ச் கிடையாது. "உங்க சாமியாருங்க மாதிரி மயில்பீலி ஒண்ணு வச்சி அனுப்பலாம்டா. விவசாயி தெனம் பல்லிய நோவாம தள்ளி வுடட்டும்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சூடாக இருந்த சால்டரிங் அயர்னை அணைத்துத் தாங்கியில் வைத்தான். அடுத்த வாரம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

அவன் போன பிறகு கடையில் என் ஜோக்குகளுக்குக் குறைவில்லை. எதிரே உட்கார்ந்து, தலையைத் தூக்காமலே, "செரி, வேலயப் பாரு" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இரண்டு வருடம் மன்னிப்புக் கேட்க முயன்றேன். எழுதும் ஒவ்வொன்றும் கடைசி வரியில் கிண்டலாகிவிடும். அதனால் அவன் சொன்ன மாதிரியே பெட்டியைச் செய்தேன். எந்நேரமும் சூடாகிக்கொண்டிருந்த டிரான்ஸ்பார்மரை எடுத்தேன். மும்முனை கரண்ட் வரும்வரை தூங்கும்படி சர்க்யூட்டை மாற்றினேன். ரெசின் இல்லை, கெட்ட ரிலேயைச் செஞ்சியில் எந்த மெக்கானிக்கும் கழற்றி மாற்றலாம். முதல் பெட்டியை இந்தக் கொட்டகையில் மாட்டி ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் விட்டிருந்தேன். உள்ளே பல்லி செத்துக் கிடந்தால் அவனிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

"குடு இங்க," என்று அந்தம்மா ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நிஜமாகவே.

"ஒண்ணும் இல்ல சார். தூசிதான் இருக்குது."

போட்டோ எடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: "பல்லி இல்லை. நீ சொன்னது சரி. அன்னைக்கு நான் பேசுனது தப்பு." கிண்டல் சேர்வதற்குள் அதையும் அனுப்பிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பதில் வந்தது. "வலது பக்க கெப்பாசிட்டர் ரெகுலேட்டரை ஒட்டி இருக்குது. அந்தச் சூட்டுல சீக்கிரம் போயிடும். தள்ளி வை."

அவ்வளவுதான். எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். "நீயே வந்து தள்ளி வைடா" என்று அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்து அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டதாகக் காட்டியது. ஏதோ எழுதுவதாகவும் காட்டியது. பிறகு நின்றுவிட்டது.

செஞ்சி பஸ் வந்தது. வழியில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். கண்டக்டர், "ஏறுறியா இல்லியா சார்?" என்றார். அடுத்ததில் வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.