மணிக்கட்டுக்குப் பதிலாக ஒரு சுவிட்ச்

வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவதில் லிப்ட்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உதட்டோரம் திருகாணி, காதில் பென்சில், மடியில் ஏரியல். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, இரும்பு அளவுநாடாவிலிருந்து கத்தரித்த துண்டு ஒன்றை மரக்கம்பில் வைத்து முடுக்குகிறார். கம்பில் ஏற்கெனவே ஒரு வரிசைத் துண்டுகள் படுக்கைவாட்டில் இருக்கின்றன. இது அவற்றுக்கு நெட்டுக்குத்தாக நிற்கப்போகிற இரண்டாவது வரிசை. "படுத்து வர்றவனுக்கு ஒரு ஆளு, நின்னு வர்றவனுக்கு ஒரு ஆளு" என்கிறார். திருகாணி ஒன்றுகூட விழவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு லிப்ட் பழுதுபார்க்கிற வேலை. அந்த வேலையின் வாசனை வீடு வரைக்கும் வரும். எந்தப் பொத்தானையும் இரண்டு தடவை அமுக்குவார், சொந்த வீட்டு அழைப்புமணியைக்கூட. கேட்டால், "ஒரு தடவை அமுக்குனா மெஷினுக்குச் சந்தேகம் வரும்" என்பார். மனைவி சமையலறையிலிருந்தே, "சந்தேகம் தீர்ந்துடுச்சு, உள்ள வாங்க" என்று குரல் கொடுப்பார். இந்தக் கேலியெல்லாம் போன வருஷம் வரைக்கும்.

பொழுதுபோக்கு, ரேடியோ. நம் தலைக்கு மேலே சில சின்னச் செயற்கைக்கோள்கள் இவரைப் போன்ற ரேடியோப் பைத்தியங்களுக்கென்றே சுற்றி வருகின்றன. கீழேயிருந்து ஒருவர் பேசினால் வாங்கி, வேறெங்கோ இருக்கிற இன்னொருவருக்குத் தள்ளிவிடும். வானத்தின் ஒரு மூலையில் எழுந்து மறு மூலையில் மறைய ஒரு குளியல் நேரம்கூட ஆகாது. அது உருண்டுகொண்டே போகிற சாமான். அதனால் அதன் அலை ஒரு சமயம் நின்றவாக்கில் வரும், ஒரு சமயம் படுத்தவாக்கில் வரும். ஏரியலும் கூடவே திரும்பிக் கொடுக்காவிட்டால் பேசுகிறவரின் குரல் இரைச்சலுக்குள் போய்விடும்.

இத்தனை காலமும் அப்படித் திருப்பிக் கொடுத்தது ஒரு மணிக்கட்டு, அவருடைய மனைவியின் இடக்கை மணிக்கட்டு. அந்த அம்மாள் இடக்கைக்காரி. கணவர் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்க, இவர் ஏரியலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்பார். அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே ஏரியல்காரம்மா. ரேடியோவைப் பற்றி அவருக்கு மண்ணும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. "யாருங்க இந்த மூக்கடைப்பு? ஆவி புடிக்கச் சொல்லுங்க" என்று அவர் ஒரு நாள் சொன்னதில் மறுமுனை நண்பர் ஒருவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் காது மட்டும் அப்படி ஒரு காது. "முங்கப் போகுது" என்பார், மணிக்கட்டைத் திருப்புவார், குரல் முங்காமல் தப்பித்துவிடும். "அது முங்குறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரியும்?" என்று கணவர் மல்லுக்கு நிற்பார். "பால் பொங்கப் போறது தெரியல? அது மாதிரிதான்" என்பதோடு அந்த அம்மாள் முடித்துக்கொள்வார்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே ஒரு காலையில் சரிந்தார். பக்கவாதம். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடக்கை பிழைத்துக்கொண்டது. லிப்ட்காரர் இதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். "நல்ல கை தப்பிச்சிடுச்சு, அது போதும்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். டாக்டர்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "கையில பலம் இருக்கு. ஆனா அதை எடுக்கணும்னு அவங்களுக்குத் தோணணும். அது தோணுமான்னு என்னால சொல்ல முடியல."

தோன்றவில்லை. கரண்டியைக் கையில் வைத்தால் அது பாட்டுக்கு நழுவி விழுகிறது. கண்கள் கூரை விசிறியில் நிற்கின்றன. கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்த மச்சினி, அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டி, நாளெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறாள். லிப்ட்காரர் வேலை முடிந்து வந்து அழைப்புமணியை இரண்டு தடவை அமுக்கிவிட்டுச் சற்று நேரம் வெளியிலேயே நிற்பார். உள்ளேயிருந்து அந்தக் கேலி வராது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் நிற்பார்.

ஒரு நாள் மட்டும் ஒன்று நடந்தது, அல்லது நடந்ததாக அவர் நினைக்கிறார். வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று ரேடியோவைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். செயற்கைக்கோள் வழியாக மூக்கடைப்பு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. குரல் இரைச்சலில் இறங்கத் தொடங்கியது. அப்போது விரிப்பின்மேல் கிடந்த இடக்கை மணிக்கட்டு கொஞ்சமாகத் திரும்பியது. அவர் போட்ட கூச்சலில் மச்சினி ஈரக்கையோடு ஓடிவந்தாள். அதற்குள் கை பழையபடி கிடந்தது. "சும்மா துடிச்சிருக்கும் அத்தான்" என்றாள். டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

அதிலிருந்து பிறந்ததுதான் இந்த இரண்டு வரிசை ஏரியல். மாடியில் முக்காலியில் நிறுத்தி, செயற்கைக்கோள் போகிற பக்கமெல்லாம் தானாகத் திரும்ப மோட்டார் வைத்து, கேபிளை ஜன்னல் வழியாகப் படுக்கையறைக்கு இறக்கினார். நடுவில் ஒரு ரிலே. கட்டிலோரச் சுவிட்சை அமுக்கினால் நின்ற வரிசைக்கும் படுத்த வரிசைக்கும் அது மாற்றிக் கொடுக்கும். இந்தச் சுவிட்சோடு அவர் பட்ட பாடு தனி. பழக்க தோஷத்தில் இரண்டு தடவை அமுக்குவார், போன இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும்.

ஊர் உலகத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் குரல் முங்காமல் இருக்கத்தான் செய்வார்கள். இவருக்கு அது முங்க வேண்டும், தான் நினைத்தபோது முங்க வேண்டும். அப்போது அந்த மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி தோன்றவில்லை.

அங்கேதான் லிப்ட் புத்தி காலை வாரியது. ரிலே என்றால் அவருக்கு லிப்ட் ரிலேதான். பழைய லிப்ட் ஒன்றின் பெட்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த, எலிப்பொறி அளவு கனமான உருப்படியைப் போட்டார். மாறும்போது 'டமார்' என்று ஒரு சத்தம். சத்தம்தான் பெரிதே தவிர, இத்தனை நுணுக்கமான அலைக்கு அந்தப் பெரிய தகடுகள் கதவே இல்லாத வீடு மாதிரி. துண்டித்த வரிசையிலிருந்தும் குரல் கசிந்து வந்தது. முங்கவேண்டிய குரல் கணுக்கால் தண்ணீரில் நிற்பதுபோல நின்றது. கை அசையவில்லை.

"ரிலேயை மாத்துங்க அண்ணே" என்றார் மூக்கடைப்பு ரேடியோவில். "இதுக்குன்னு சின்னதா வருது. ஆனா சிக்னல் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மெனக்கெடுறீங்க?"

"எனக்குக் கெடணும்ப்பா. சுத்தமா கெடணும்."

"புரியலையே அண்ணே" என்றது மறுமுனை.

அந்தச் சில வாரங்கள் லிப்ட்காரர் ஏறக்குறையச் சந்தோஷமாகவே இருந்தார். தப்பு ரிலேயில் இருந்தது, அவள்மேல் இல்லை. சின்ன ரிலே வந்து சேரும்வரை மச்சினியிடம், "சாமான் சரியில்ல, அவ என்ன பண்ணுவா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்ன ரிலே வந்தது. பூத்தொடுப்பவர் மாதிரி குனிந்து உட்கார்ந்து பற்றவைத்தார். இப்போது சத்தம் நகத்தைச் சொடுக்கியது போலத்தான். சுவிட்சை ஒரு தடவை அமுக்கினார். மூக்கடைப்பின் குரல் கிணற்றில் போட்ட கல்லாகக் காணாமல் போயிற்று. இவ்வளவு சுத்தமாக முங்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. இரைச்சல் மட்டும் இருந்தது. விரிப்பின்மேல் இடக்கை கிடந்தது.

மறுநாளும் கிடந்தது. அதற்கு மறுநாளும். ஏரியலில் குறை இல்லை, கேபிளில் குறை இல்லை, ரிலேயில் குறை இல்லை. பழிபோட இனி ஒரு சாமானும் மிச்சமில்லை. அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. சுவிட்சை அமுக்கிவிட்டு கையைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார், பிறகு மறுபடி அமுக்கிக் குரலைக் கூட்டிக்கொண்டு வருவார்.

"விட்டுடுங்க அத்தான்" என்றாள் மச்சினி. "தெனமும் அக்காவைப் பரீட்சைக்கு உக்கார வெக்காதீங்க. என்னால பாக்க முடியல."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. ரேடியோ கேக்குறோம், அவ்வளவுதான்."

"யாரு கேக்குறா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே அவள் அழுதாள்.

இன்று சாயங்காலம் வெளிச்சம் கட்டில்வரை வந்திருக்கிறது. செயற்கைக்கோள் எழுந்துவிட்டது. மூக்கடைப்பு யாரையோ நலம் விசாரிக்கிறது. லிப்ட்காரர் சுவிட்சை அமுக்கினார். குரல் போயிற்று. கையைப் பார்த்தார். வழக்கமாக ஜன்னலைப் பார்க்கிற நேரம் வந்தது. இன்று பார்க்கவில்லை.

குனிந்து, விரிப்பின்மேல் கிடந்த அந்த இடக்கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஏரியல் கம்பைப் பிடித்திருப்பது போல வைத்தார். மணிக்கட்டை அவள் திருப்புகிற பக்கமாகத் திருப்பினார். திருப்பும்போதே மறுகையால் சுவிட்சை அமுக்கினார், ஒரே ஒரு தடவை. அறை முழுக்கக் குரல் வந்தது.

"குரல் எழுந்துடுச்சு பாரு" என்றார் அவளிடம்.

மச்சினி துண்டோடு வாசலில் வந்து நின்றாள். அவர் நிமிரவில்லை. மனைவியின் கண்கள் விசிறியில் இருந்தன. குரல் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, இன்னும் இறங்க ஆரம்பிக்கவில்லை.

"முங்கப் போகுது" என்று அவரே சொல்லி, அந்த மணிக்கட்டை மெல்லத் திருப்பினார்.