மலைப்பாம்பின் அடிவயிறு

எண்பதுகளில், லா சப்பலில் எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரன் வீடு மாறியபோது தன் மலைப்பாம்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். சில வாரங்களில் அதன் அடிவயிற்றுச் செதில்கள் பழுத்து, கொப்புளம் வைத்து, நாறத் தொடங்கின.

மிருக வைத்தியர் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார். ஈரம்தான் காரணமாம். அயோடின் தடவி, உலர்ந்த தாளில் விட வேண்டும். இனி நனைந்தால் புண் உள்ளே இறங்கிவிடும்.

நான் ஒரு சொட்டும் சிந்தியதில்லையே! எரிச்சலோடு வந்து அறையில் கூட இருந்த அண்ணையிடம் சொன்னேன்.

"நான்தான் வெள்ளிக்கிழமையில மஞ்சள்தண்ணி தெளிக்கிறனான். பாம்பெண்டா நாகதம்பிரான் சாமியெல்லே?"

"இனித் தெளிக்காதேங்கோ அண்ணை, செத்துப்போகும்."

"ஓம், ஓம்" என்றார்.

அடுத்த வெள்ளி வேலையால் வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். தாள் மஞ்சளாக ஊறிக் கிடந்தது. பாம்பு அசையவில்லை. அதன் புண் வருத்தம் மாறட்டும் என்று, இந்தமுறை செம்போடு ஊற்றியிருந்தார்.