காக்காய்க்கு எட்டாத தண்ணீர்

போன வாரம் என் வீட்டுத் தோட்டத்தில் ஒரே கலவரம். பயப்படாதீர்கள், போலீஸ் வரவில்லை. கலவரக்காரர்கள் எல்லோருக்கும் இறக்கை உண்டு... என் மச்சினன் குமாரைத் தவிர!

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் சாலை மறியல் நடப்பது உங்களுக்குத் தெரியும். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது. மெட்ராஸில் இன்டர்வியூ என்று சங்கராபுரத்திலிருந்து கிளம்பிய குமார், எங்கள் வீட்டோடு நின்றுபோனான். படித்துவிட்டுச் சும்மா இருக்கும் பையனுக்கு வந்த முதல் அழைப்பு. பாவம்தான். அதற்காக என் காது என்ன பாவம் செய்தது?

"தெறமை இருக்கறவன் முன்னாடி போவட்டும் மாமா. இவங்களுக்கு இன்னாத்துக்குத் தனியா?"

காபிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை. எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். மண்டையை மண்டையை ஆட்டினேன்.

இதற்கு நடுவே, மரத்தைப் பறிகொடுத்த பறவைகள் எங்கள் முருங்கைக்குக் குடிவந்துவிட்டன. வெயிலில் அலகைத் திறந்துகொண்டு அவை உட்கார்ந்திருந்தால் மனசு கேட்குமா? மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஜீவகாருண்யம் இல்லாவிட்டால் எப்படி!

குடித்தது யார்? காக்காய். குடித்துவிட்டுப் போய்த் தொலைந்ததா? எங்கிருந்தோ ஒரு கருவாட்டுத் தலையைக் கொண்டுவந்து சட்டியில் ஊறப்போட்டது! சிட்டுக்குருவி கிட்டே வந்தால் ஒரே கொத்து. ஒரு குருவி சுருண்டு கீழே விழ, குமார் அதைக் கையில் ஏந்தி விரலால் தண்ணீர் சொட்டவிட்டான். அது கண்ணைத் திறந்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது.

"இந்தக் காக்காவ வுட்டா எதையும் குடிக்க வுடாதுக்கா. சின்னதுங்களுக்குத் தனியா வச்சாதான் ஆவும்" என்று கொதித்தான்.

என் மனைவி சரோஜா அவனை ஒரு பார்வை பார்த்தாள். போய், கோழி கவிழ்க்கிற மூங்கில் பஞ்சாரத்தைக் கொண்டுவந்து சட்டியின் மேல் கவிழ்த்தாள். குருவிகள் சந்து வழியே நுழைந்து சாவகாசமாகக் குடித்தன. காக்காய் வெளியே நின்று கத்தோ கத்தென்று கத்தியது. எனக்குப் பரம சந்தோஷம்!

மறுநாள் இன்டர்வியூ. மறியல் முடிகிற வழியாகத் தெரியவில்லை. குமார் ராத்திரி சாப்பிடவே இல்லை. விடிந்ததும் தந்தி ஃபாரத்தோடு வந்து நின்றான்.

"இங்கிலீஷ் கரெக்டா இருக்குதா பாருங்க மாமா."

என்ன எழுதியிருக்கிறான் என்று சரோஜா கேட்டாள். தமிழில் சொன்னேன்: 'மற்றவர்களுக்கு வழி இருக்கிறது, எனக்கு இல்லை. அது என் தப்பும் இல்லை. தயவுசெய்து எனக்கென்று தனியாக ஒரு தேதி கொடுங்கள்.'

சரோஜா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்லாத்தான்டா எழுதிக்கிற, போய் அனுப்பு. ரோட்டுல குந்திக்கினு அவங்களும் இதத்தான்டா கேக்கறாங்க."