இல்லாத பிரேக்கை அமுக்கியவர்

நகரப் பேருந்து ஓட்டுகிற ஒருவருக்கு விடுமுறை கிடைத்தால் என்ன செய்வார்? காலை நீட்டிப் படுப்பார். மிஞ்சிப்போனால் மனைவியோடு கடைத்தெருவுக்குப் போவார். நம்மாள் ரோலர் கோஸ்டரில் ஏறுவார். வாரமெல்லாம் ஒரு பயணிகூட இருக்கையைவிட்டு எழும்பிவிடக் கூடாதே என்று பள்ளத்துக்குப் பள்ளம் பதறி வண்டி ஓட்டுவார். லீவு வந்ததும் கைக்காசைக் கொடுத்து, இருக்கையைவிட்டு எழும்புவதற்காகவே வெயிலில் வரிசையில் நிற்பார்.

"உங்களுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்துல ஹாரன்தான் இருக்கு" என்பது அவர் மனைவியின் தீர்மானமான கருத்து. அந்த அம்மாளுக்கு ஊஞ்சலே ஒத்துக்கொள்ளாது.

இந்தப் பைத்தியம் பிடித்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. ஊரின் எல்லையில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவையே சுற்றிச் சுற்றி வரும் ஒரு கூட்டம் இருக்கிறது. போனில் குழு வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பூங்காவின் சிற்றுண்டிக் கூடத்தில் கூடி, தொண்டை கட்டும்வரை சண்டை போடுவார்கள். எல்லாச் சண்டைக்கும் தலைப்பு ஒன்றுதான்: கொடுத்த காசுக்கு ரைடு தகுமா, தகாதா?

இதில் இரண்டு கட்சி. ஒன்றுக்குத் தலைவர் வங்கிக் காசாளர். டிக்கெட் விலையை ரைடு ஓடும் விநாடிகளால் வகுத்து, "அலறல் ஒண்ணுக்கு இவ்ளோ ஆகுதுங்க, பகல் கொள்ளை!" என்று மேசையைத் தட்டுவார். எதிர்க்கட்சி பல் டாக்டரம்மா. "என்கிட்ட வந்து வாயத் திறக்கறதுக்கு ஜனங்க எவ்ளோ யோசிக்கறாங்க தெரியுமா? இங்க தானா திறக்கறாங்க. அதுக்கு என்ன வேணாலும் குடுக்கலாம்" என்பார் அவர். இருவரும் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. கடைசியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது ஓட்டுநரின் வலது காலை.

காரணம் இருக்கிறது. ரைடு சுமாராக இருந்தால் அவர் மனம் தன்னையறியாமல் பேருந்துக்குப் போய்விடும். வளைவு வந்ததும் வலது கால் தானாக நீண்டு, அங்கே இல்லவே இல்லாத பிரேக்கை அமுக்கும். ரைடு பிரமாதமாக இருந்தாலோ, கால் தனக்கு ஒரு வேலை உண்டு என்பதையே மறந்து பிள்ளைபோல ஆடிக்கொண்டிருக்கும். அவராக நினைத்து ஒன்றும் செய்வதில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காசாளர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கால்தான் நீதிமன்றம். "பிரேக் புடிச்சாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். பிடித்துவிட்டால் ரைடு தோல்வி, மேல்முறையீடு கிடையாது. அவருக்கும் 'பிரேக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்படி எல்லாம் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது ரைடு வந்தது. பூங்கா நுழைவுச் சீட்டு போதாதாம். இதற்குத் தனி டிக்கெட், அதுவும் வயிறெரியும் விலையில். குழு கொந்தளித்தது. காசாளர் இரவு பகலாகக் கணக்குப் போட்டு அனுப்பினார். டாக்டரம்மா, "ஏறாமலே எப்படிங்க பேசறது?" என்று பதிலுக்குப் பதில் கொடுத்தார். வழக்கமாக நடுவில் புகுந்து வெளுத்து வாங்கும் நம்மாள் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல் இருந்தார்.

அந்த ரைடின் பாதையை வடிவமைத்த குழுவில் அவர் மகள் இருந்தாள். பொறியியல் படித்துவிட்டு அவள் வாங்கிய முதல் வேலை. கடைசியில் வரும் பெரிய பள்ளம் முழுக்க அவள் போட்டது. அவள் வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தட்டின் விளிம்பில் விரலால் வளைவு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நாளைக்கு உங்க கூட்டத்தோட வாங்க. ஆனா நான் உங்க பொண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏம்மா?"

"சொன்னா சும்மா நல்லாருக்குன்னுடுவாங்க. எனக்கு உங்க கால் என்ன சொல்லுதுன்னு தெரியணும். ஆபீஸ்ல எல்லாரும் பாராட்டிட்டாங்க. அதெல்லாம் எனக்கு வேணாம்."

மகள் எழுந்து போனதும் மனைவியிடம் குசுகுசுத்தார். "கால் அமுக்கிட்டா என்ன பண்றது?"

"அமுக்காம இருங்க."

"அது என் பேச்சையா கேக்குது?"

"கால மடக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்களேன்."

"அது ரைடு, நம்ம வீட்டு சோபா இல்ல!"

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு விளக்கை அணைத்தார்.

மறுநாள் வரிசையில் காசாளர் அவர் தோளில் கைபோட்டு, "உங்க பக்கத்து சீட்டு எனக்குத்தான்" என்று உரிமை கொண்டாடினார். டாக்டரம்மா பின் இருக்கை. மகள் பூங்கா ஊழியர்களின் மஞ்சள் மேல்சட்டையோடு மேடையோரம் நின்று, யாரோ எவரோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது.

வண்டி இன்னும் கிளம்பவில்லை. கால் அமுக்கிவிட்டது!

ஏறும்போது அமுக்கியது. இறங்கும்போது அமுக்கியது. வளைவில், சுழலில், மகள் போட்ட கடைசிப் பள்ளத்தில் எல்லோரும் அந்தரத்தில் மிதந்து அலறிய அந்தக் கணத்திலும் அவருடைய வலது கால் தரையில் ஓட்டை போட்டுவிடுவதுபோல அமுக்கிக்கொண்டிருந்தது. காசாளர் அலறவில்லை. ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"புடிச்சாச்சு! ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் புடிச்சாச்சு!" என்று இறங்கியதும் கூவினார். "நான் சொல்லல? இவ்ளோ காசு வாங்கிட்டு, பஸ்ல போறமாதிரி ஒரு ரைடு!"

"எனக்குத் தொண்டையே போயிடுச்சு, நீங்க என்ன பேசறீங்க?" என்று டாக்டரம்மா கீச்சுக் குரலில் மல்லுக்கு நின்றார். ஆனால் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டதே. மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மஞ்சள் மேல்சட்டை மெதுவாகத் திரும்பி நடந்ததை ஓட்டுநர் பார்த்தார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்கப்பா! இது என் பொண்ணு போட்ட ரைடு!"

மகள் நின்றாள்.

"பயத்துல அமுக்கினேன்" என்றார். "ரைடு எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. எங்கயாவது எசகுபிசகா ஆயிடுச்சுன்னா உன் பேரு கெட்டுடுமே, யாருக்காவது ஏதாவது ஆயிட்டா நீ என்ன பண்ணுவே… அதே யோசனைதான்."

"அப்ப தீர்ப்பு செல்லாது!" என்று டாக்டரம்மா உடனே பிடித்துக்கொண்டார். "அமுக்கினது அப்பா, பிரேக் இல்ல!"

"கால் ஒண்ணுதானேங்க?" என்று காசாளர் இழுத்தார். ஆனால் அவர் குரலிலும் வழக்கமான சுருதி இல்லை.

மகள் அருகில் வந்தாள். சிரிக்கவில்லை. "ஊர் பேர் தெரியாதவங்க கட்டின ரைடுல எல்லாம் நம்பி ஏறுவீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவகூட அமுக்கினது கிடையாது. என் ரைடுலதான் நம்பிக்கை இல்லாமப் போச்சா உங்களுக்கு?"

சுரீரென்றது அவருக்கு. வேறு வழி தெரியாமல், "வா, இன்னொரு தடவ போலாம். நீ பக்கத்துல உக்காரு" என்றார்.

காசாளர் தன் இடத்தை மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தார். அவருடைய வாழ்க்கையில் அப்படி எதையும் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த முறை வண்டி கிளம்பியபோது ஓட்டுநர் கைகள் இரண்டையும் மேலே தூக்கிவிட்டார். மேட்டில் ஏறும்போது மேகம் பார்த்தார். முதல் இறக்கத்தில் வயிறு தொண்டைக்கு வந்தது. சுழலில் கெக்கெக்கே என்று சிரித்தார். கடைசிப் பள்ளம் வந்தது. உடம்பு இருக்கையைவிட்டு எழும்பி, கனமே இல்லாமல், அப்படியே நின்றது. அடடா! இத்தனை வருடம் காசு கொடுத்துத் தேடியதை மகள் போட்டு வைத்திருக்கிறாள் என்று பெருமையில் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அவருடைய மடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

வண்டி மேடையில் வந்து நின்றதும் காசாளர் கம்பி வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன ஆச்சு, புடிச்சாச்சா?" என்று கத்தினார்.

"என் கால் ஜோரா ஆடிட்டு இருந்துச்சு!" என்று பதிலுக்குக் கத்தினார் அவர். பிறகு குரலைத் தணித்து மகளிடம் குனிந்தார். "உன் கால்தாம்மா தரைய அமுக்கு அமுக்குன்னு அமுக்கிட்டு இருந்துச்சு. உனக்கு இது தண்ணி பட்ட பாடாச்சே. சோதனை ஓட்டத்துல எத்தன தடவ ஏறியிருப்பே?"

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.

"அப்பல்லாம் பக்கத்துல நீங்க இல்லையேப்பா" என்றாள்.