காளிதாஸின் வைட்டமின்

"இந்தக் கலர் எடுத்துக்க தங்கச்சி, அடுத்த வருசம் வளைகாப்புச் சேலைக்கும் இங்கதான் வருவ லா," என்று சொல்லித்தான் காளிதாஸ் புதுப்பெண்களுக்குச் சேலையை விரித்துப் போடுவார். மலேசியாவின் தங்காக் ஊர் ஜவுளிக்கடையில் அவர் வாய்முகூர்த்தத்தில் பிறந்த பிள்ளைகள் ஏராளம். அவர் வீட்டில் மட்டும் ஆறு வருடமாகத் தொட்டில் ஆடவில்லை.

அதற்கு அவரா பொறுப்பு? ஊசி, ஸ்கேன், விரதம் எல்லாம் மனைவி பிரேமலாவின் இலாகா. பெருந்தன்மையோடு பஸ் ஏற்றிவிட மட்டும் இவர் வருவார். கார் ஓட்டமாட்டார். கேட்டால், "அலமாக், இந்த ஜாம்ல எவன் ஓட்டுவான்!" என்பார். தங்காக்கில் ஜாம் என்றால் எதிரெதிரே இரண்டு லாரி வருவது. கிளினிக்கில் ஒருமுறை விந்துப் பரிசோதனைக்கென்று அவரையும் கூப்பிட்டார்கள். "எங்க வம்சத்துல அந்தக் குறையே கிடையாது," என்று எழுந்து வந்துவிட்டார், வம்சமே வரிசையில் நின்று பரிசோதித்துக்கொண்டது போல.

பள்ளி நாளிலிருந்தே அவருக்கு வலிப்பு; ஒருமுறை வலிப்பு வந்து விழுந்து மண்டையில் தையல் போட்டதும் உண்டு. பெண் பார்க்கப் போனபோது சொல்லவில்லை; பிறகு சொல்ல வெட்கம். மாத்திரையைத் தவறாமல் போடுவதால் வலிப்பு வந்து வருடக்கணக்காகிறது. அந்த மாத்திரைகளை வைட்டமின் போத்தலில் கொட்டி, சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கிறார். ஒளித்து வைத்தால்தானே சந்தேகம் வரும்!

வலிப்பு டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்: "இந்த மருந்து சில ஆம்பளைங்களுக்கு விந்தணுவைக் குறைக்கும். பிள்ளைக்கு முயற்சி பண்ணா சொல்லுங்க, டெஸ்ட் பண்ணிட்டு வேற மருந்து பாக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க. பிள்ளைக்குக் காத்திருக்கிற பொண்ணுங்க இதைத் தொடவே கூடாது, கருவுக்கு ஆபத்து."

"பிள்ளையா? இப்ப பிளான் இல்ல டாக்டர்," என்றார் காளிதாஸ். அந்த வாரமே பிரேமலாவைப் புதிதாக ஒரு விரதம் பிடிக்கச் சொன்னார்.

நேற்றுக் காலை சட்டைப் பொத்தானைப் போட்டபடி சமையலறைக்கு வந்தவர், போத்தல் திறந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னங்க, எனக்குச் சத்து பத்தலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இனிமே உங்க வைட்டமினை நானும் போட்டுக்கறேன்," என்ற பிரேமலா, மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீரை எடுத்தாள்.

"துப்பு!"

கடையில் குரலே உயர்த்தாத மனிதர் கத்தினார். பாய்ந்துபோய் அவள் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினார். மாத்திரை ஈரத்தோடு அதில் விழுந்தது.

"உங்களுக்குச் சத்து, எனக்கு மட்டும் விஷமா?"

சேலை விற்ற வாய்க்குப் பொய்க்கா பஞ்சம்? ஆனால் அவருக்குப் பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

"அது வலிப்பு மருந்து பிரேமா. எனக்கு. கொறை என்கிட்டகூட இருக்கலாம். கிளினிக்குக்கு நானும் வரேன், மொதல்ல என்னை டெஸ்ட் பண்ணட்டும்."

அவள் நம்பாமல் பார்த்தாள். காளிதாஸ் தலையைக் குனிந்து, அவள் கையைப் பிடித்து, பின்மண்டையில் முடி மறைத்திருந்த தையல் தழும்பின் மேல் வைத்தார்.