கரியர் இல்லாத சைக்கிள்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கேட்கப் போவதில்லை. அதற்கு எனக்கு இப்போது தெம்பும் இல்லை. அன்று எங்களுடன் வான் ஓட்டி வந்தவர் இருக்கிறார். குழுவை முன்னால் கூட்டிப் போனவளும் இருக்கிறாள். இரண்டு பேரும் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் வசீகரன். வேலணை ஆள். வெளியிலிருந்து வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு தீவுகள் காட்டுவது தொழில். முன்னால் நிரோஜினி போவாள். வழி காட்டுவது, கதை சொல்வது எல்லாம் அவள். நான் கடைசி ஆள். யாரும் பின்தங்கித் தனியே நின்றுவிடாமல் பார்ப்பது என் வேலை. எனக்கும் பின்னால் அன்ரனிதாஸ் அண்ணையின் வான் வரும். சாமான், தண்ணீர், இனி ஓட ஏலாது என்று இறங்கியவர்கள் எல்லாம் அதில்.

பார்க்கிறவர்களுக்கு இது சும்மா வேலை. ஆனால் எல்லாரிலும் மெதுவானவருக்குப் பின்னால், அவரைவிட மெதுவாக, ஒரு கிழமை, ஏழு நாளும் ஓடிப் பாருங்கள். கால் நோகாது. வேறு ஒரு அலுப்பு வரும். எலும்புக்குள் இருக்கிற அலுப்பு.

போன வருடம் மாசிக் கடைசி. அந்தக் குழுவில் மெதுவானவர் மீனலோசனி அக்கா. நோர்வேயிலிருந்து மகள் லக்சிகாவுடன் வந்திருந்தார். வயது நாற்பத்து மூன்று. மெலிந்த உடம்பு. நோய் ஒன்றும் இல்லை. ஆனாலும் மூட்டை ஏற்றியவர் போலத்தான் மிதிப்பார். சைக்கிளில் பிழை என்று நினைத்து நிரோஜினியின் சைக்கிளை மாற்றிக் கொடுத்தோம். நிரோஜினி அவருடையதில் காற்றாய்ப் பறந்தாள். அக்கா இவளுடையதிலும் அதே மாதிரித்தான்.

கடைசி நாள் நயினாதீவு. திரும்பி வரும் படகு சுணங்கிவிட்டது. குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்கும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. இரவுத் தங்கல் ஊர்காவற்றுறையில். புங்குடுதீவைக் குறுக்கே கடந்து, கடல் பாலம் தாண்டி, வேலணை, சரவணை, புளியங்கூடல்... இருபது கிலோமீற்றருக்குக் கூட.

நிரோஜினி மற்றவர்களோடு முன்னால் போய்விட்டாள். லக்சிகாவும் அவர்களோடுதான்.

"அக்கா, இருண்டு போடும். வானுக்குள்ளை ஏறுங்கோ," என்றேன்.

"வேண்டாம் தம்பி. இந்த ரோட்டை நான் ஓடத்தான் வேணும்."

"நாளைக்கு விடிய ஓடலாம்."

"வெளிச்சத்திலை இல்லை. இப்ப."

மறிக்காமல் நானும் சைக்கிளில் ஏறினேன். என் வீடு, என் பாய், ஒரு முழு இரவு நித்திரை. எனக்கு அது மட்டும்தான் மனதில் இருந்தது. அன்ரனிதாஸ் அண்ணை பைகளை ஏற்றிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றார்.

புங்குடுதீவுக்குள் ஆளில்லாத வீடுகள். கூரை இல்லாத சுவர்களுக்குள் பனை முளைத்து நிற்கும். நாங்கள் அதையெல்லாம் பார்ப்பது இல்லை. பார்த்துப் பார்த்துக் கண் களைத்துவிட்டது. அக்காவும் பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்து மிதித்தார். இடைக்கிடை ஒரே கேள்வி.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கிட்டத்தான்."

எல்லாருக்கும் நான் சொல்லும் பொய் அது.

பாலத்துக்கு வந்தபோது மணி ஆறு ஐந்து. பாலம் என்று ஊரில் சொன்னாலும் அது கடலைப் பிரித்துப் போட்ட நீண்ட ரோடு. இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர், கம்பு நட்டுக் கட்டிய மீன் வலைகள். அந்த இடத்தில் காற்று ஓயவே ஓயாது. எதிர்க்காற்றில் மிதித்துத்தான் தாண்ட வேண்டும்.

அன்று பாதி தூரம் வரை காற்று இருந்தது.

பிறகு இல்லை.

நடுவில் ஒரு இடத்தில் மீனலோசனி அக்கா நின்றார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். நானும் பின்னால் நின்றேன். சூரியன் போய்விட்டது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். வலைக் கம்புகள் மட்டும் கறுப்பாக நின்றன.

"ஏலாமல் இருக்கே அக்கா?"

"ஓம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. போவம்."

அவர் மிதித்தார். அந்தக் கிழமை முழுக்க நான் காணாத மாதிரி மிதித்தார். சைக்கிள் சர்ரென்று போனது. அவருக்கே அது புதினமாய் இருந்திருக்க வேண்டும். ஒருமுறை கீழே குனிந்து சில்லைப் பார்த்தார்.

நானும் மிதித்தேன்.

என் சைக்கிள் அசையவில்லை.

ரயருக்குக் காற்றுப் போய்விட்டது என்று நினைத்தேன். இறங்கி அமத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. பின் சில்லைத் தூக்கிச் சுற்றினேன். தடங்கல் இல்லை. பிறேக் உரசவில்லை.

ஏறினேன். மீண்டும் பாரம்.

அலுப்புத்தான் என்று எனக்கு நானே சொன்னேன். ஒரு கிழமை அலுப்பு. எழும்பி நின்று மிதித்தேன். மெல்ல உருண்டது.

அப்போது அந்தச் சத்தம்.

டொக்.

கொஞ்சம் பொறுத்து... டொக்... டொக்.

சைக்கிளின் இரும்பில் எதுவோ தட்டியது. சின்னக் குதிக்கால் பட்ட மாதிரி. நான் மிதிப்பதை நிறுத்தினேன். சைக்கிள் தானே உருண்டது. சத்தம் நிற்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டு இருக்கும் பிள்ளை தட்டுமே, அந்த மாதிரி.

என் சைக்கிளில் ஆள் ஏற்றும் பின் கரியர் இல்லை. சீற்றுக்குக் கீழே ஒரு சின்னப் பை. அதற்குப் பின்னால் வெறும் சில்லு.

சட்டை பின்னால் இழுபட்டது.

காற்று, என்று நினைத்தேன்.

காற்று இல்லை.

மறுபடி இழுபட்டது. இந்தமுறை இரண்டு பக்கமும். இடுப்படியில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். தைரியம் இல்லை என்பது ஒன்று. இன்னொன்று... திரும்பக்கூடிய தெம்பு கழுத்தில் இல்லை. அவ்வளவு பாரம்.

அக்கா முன்னால் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய சிவப்பு லைற் சின்னப் புள்ளி. கூப்பிட வாயைத் திறந்தேன்.

எனக்குப் பின்னால், காதுக்கு மிகக் கிட்ட, ஒரு கொட்டாவி.

சின்னப் பிள்ளையின் கொட்டாவி. நீளமாக. முடிவில் ஒரு சின்ன மூச்சு.

பிறகு என் முதுகில் ஒரு தலை சாய்ந்தது.

ஈரம்.

குளிர்.

மிதித்தேன். அது மட்டும்தான் செய்தேன்.

எனக்கும் கொட்டாவி வந்தது. பயத்தில் உடம்பு விறைத்துக் கிடக்க, கண் மட்டும் சொருகிக்கொண்டு போனது. தூங்கினால் விழுந்துவிடும் என்று நினைத்தேன். நான் விழுவேன் என்று இல்லை. அது விழுந்துவிடும் என்று.

வேலணைக் கரை வந்தது. வீடுகளின் லைற் தெரிந்தது. பின்னால் வான் வெளிச்சம். அன்ரனிதாஸ் அண்ணை என்னைத் தாண்டும்போது ஹோணை அமத்திப் பிடித்தார். கண்ணாடியை இறக்கி ஏதோ ஏசினார். கையால் என் பின்பக்கத்தைக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. வான் போய்விட்டது.

சரவணை. புளியங்கூடல். கோயில் ஒன்றில் மணி கேட்டது. எந்தக் கோயில் என்று தெரியாது.

ஊர்காவற்றுறையில் தங்கும் வீட்டு வாசலில் நான் இறங்கும்போது ஏழு நாற்பது. சைக்கிளை மதிலில் சாத்தினேன். முற்றத்தில் கதிரை போட்டு எல்லாரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருந்தார்கள். மீனலோசனி அக்கா எனக்கு முன்னமே வந்து, களைப்பே இல்லாமல் இருந்தார்.

அன்ரனிதாஸ் அண்ணை கோபமாக எழும்பி வந்தார்.

"வசீ, உமக்கு விசரே? எங்கை அந்தப் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?"

"பின்னுக்கு வைச்சு ஏத்திக்கொண்டு வந்தனீர். கால் ரண்டும் சில்லுக் கம்பிக்குள்ளை போகப் பாக்குது. அதுக்குத்தானே ஹோண் அடிச்சனான்."

"அண்ணை, என்ரை சைக்கிளிலை கரியர் இல்லை."

அவர் மதிலடியில் நின்ற சைக்கிளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கதிரையில் போய் இருந்தார்.

நிரோஜினி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். "வசீ அண்ணை... உங்கடை சட்டை."

கழற்றிப் பார்த்தேன். இடுப்படியில் இரண்டு பக்கமும் துணி கசங்கிப் போயிருந்தது. நெடுநேரம் பொத்திப் பிடித்த மாதிரி. இரண்டு சின்னக் கைப்பிடி அளவு. அந்த இடமும் முதுகின் நடுவும் மட்டும் நனைந்து உப்பு மணத்தது.

மீனலோசனி அக்கா தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"அண்ணை, அந்தப் பிள்ளை என்ன உடுப்புப் போட்டிருந்தது?"

அன்ரனிதாஸ் அண்ணை அவரைப் பார்க்காமலே சொன்னார். "பெரிய ஆக்களின்ரை சேட். வெள்ளை. கை நீளம் எண்டு மடிச்சு மடிச்சு விட்டிருந்தது."

அக்கா அழவில்லை. மகளைப் பார்த்து, "உனக்கு ஒரு சித்தி இருந்தவ," என்றார். லக்சிகாவுக்கு அதுவரை அது தெரியாது.

சண்டைக் காலம். ஒரு இரவு ஊர் முழுக்க அந்தப் பாலத்தால் வெளிக்கிட்டது. அவருடைய அப்பா சைக்கிள் மிதித்தார். மீனலோசனி அக்கா முன் பாரில். பின் கரியரில் ஐந்து வயதுத் தங்கச்சி. குளிருகிறது என்றதால் அப்பா தன்னுடைய சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். லைற் போடக்கூடாது. சனத்துக்கு நடுவில் நிற்கவும் ஏலாது. பாதிப் பாலத்தில் தங்கச்சி சொன்னாளாம், "அக்கா, நித்திரை வருது."

வேலணைக் கரையில் அப்பா இறங்கிப் பார்த்தார். கரியர் வெறுமை.

விடிந்த பிறகு தேடினார்கள். ரோட்டில் இல்லை. தண்ணீரிலும் இல்லை. எந்த வீட்டிலும் இல்லை. அப்பா சாகும்வரை சைக்கிளில் ஏறவே இல்லை.

"எந்த இடம் எண்டு எனக்குத் தெரியாது தம்பி," என்றார் அக்கா. "அதுதான் வந்தனான்."

கொட்டாவியைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"எனக்குப் பாலத்திலை இலேசாச்சுது. உமக்கு எங்கை பாரமானது?" என்று அக்கா கேட்டார்.

"நீங்கள் நிண்ட இடத்திலை அக்கா."

விடிய சைக்கிள் இரண்டையும் வானில் ஏற்றி அவரும் நானும் போனோம். அன்ரனிதாஸ் அண்ணை வானை விட்டு இறங்கவில்லை. அக்கா சைக்கிளை அந்த இடத்தில் நிறுத்தினார். அதற்கென்று ஒரு கரியர் பூட்டச் சொல்லியிருந்தார். பூட்டிக் கொடுத்தேன். தண்ணீர் வற்றியிருந்தது. கொக்கு ஒன்று நின்றது.

"வா," என்றார். மிக மெதுவாக. பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற குரல். "வந்து ஏறு."

காற்று அடித்தது. நெடுநேரம் காத்துக்கொண்டிருந்தார். பிறகு மிதித்துப் போனார். நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு மறக்க ஏலவில்லை.

"பாரமே இல்லை, தம்பி."

அன்றைக்கே கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

நான் என் சைக்கிளை விற்கவில்லை. வேறு வாங்க வழியில்லை. நாலைந்து குழு அதன்பின் வந்து போனது. இப்போது எந்த மேட்டிலும் நான்தான் மூச்சு வாங்குகிறேன். மற்றவர்கள் நின்று எனக்காகக் காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். ஒன்றுமில்லையாம். ஓய்வு எடுக்கட்டாம்.

ஆவணியில் லக்சிகா ஒரு குரல் செய்தி அனுப்பினாள். நான் அப்போது பண்ணைக் கரையில் நின்றேன். வாகனச் சத்தத்தில் போனைக் காதோடு அமத்திப் பிடித்துக் கேட்டேன்.

"வசீ அண்ணை, அம்மா சுகமா இருக்கிறா. ஆனா ஒரு மாதிரி. தோள் வெறுமையா இருக்காம், நித்திரை இல்லையாம். நான் கேக்க வந்தது வேறை. எங்கடை மேல்மாடியிலை ஒரு வயசான மனிசி இருக்கிறா. நோர்வேக்காரி. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலை இருந்து இருக்கிறா. எங்களைப் பற்றி அவவுக்கு ஒண்டும் தெரியாது. நேற்றுப் படியிலை என்னை மறிச்சுக் கேட்டா..."

போனை இன்னும் இறுக்கி அமத்தினேன்.

"'உங்கடை அம்மாவுக்குப் பின்னாலை எப்பவும் வாற அந்தச் சின்னப் பிள்ளையை, நீங்கள் ஊருக்குப் போட்டு வந்த பிறகு காணேல்லையே. அங்கை ஆரோடை விட்டிட்டு வந்தனீங்கள்?' எண்டு."