பளபளக்கக் கூடாத பந்து

என் மனைவி சென்னையிலிருந்து கொண்டுவந்த பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன, ஆட்டுக்கல்லா?" என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் ஜிப்பைத் திறந்தாள். கருநீலத்தில் ஒரு பவுலிங் பந்து. ஐந்தரைக் கிலோ. விரல் நுழைக்க மூன்று ஓட்டைகள்.

நீளமான மரத்தளத்தில் அதை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் பெண்கள் அணி இருக்கிறது. வேலை ராஜபாளையத்து வீட்டிலிருந்துதான். மாதம் ஒருமுறை ஆபீஸுக்குப் போவாள், போகும்போதெல்லாம் ஆடுவாள். வத்திராயிருப்பில் பிறந்து, கிருஷ்ணன்கோவிலில் படித்து, சென்னையில் கற்றுக்கொண்ட ஆட்டம். கல்யாணத்துக்குப் பிறகு எனக்காக என்னென்னவோ விட்டுக்கொடுத்தவள், இதை மட்டும் விடவில்லை. நானும் ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

"பந்து திரும்ப மாட்டேங்கு. விஜயதசமிக்கு மறுநாள் டீம் எடுக்காங்க. இப்படியே நேரா போச்சுன்னா என் இடம் போயிரும்" என்றாள்.

"நேரா போனாத்தான் கட்டை விழும்?"

"விழும். பத்தும் விழாது. ஓரத்துல போயி, கடைசில திரும்பி, சரிவா உள்ள நுழையணும்."

"யாரு திருப்புறா?"

"நான் சுழற்றி விடுதேன். தரையைப் பிடிச்சு அதுவே திரும்பும். தரையில எண்ணெய் தடவியிருப்பாங்க. அதைக் குடிச்சுக் குடிச்சு இது வழவழன்னு ஆயிட்டு. தேய்க்கிற மெஷின் அங்க ரிப்பேர். நீங்கதான் தினம் வாட்டர் பேப்பர் தேய்க்கீங்களே, தேய்ச்சுத் தாங்க."

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. வாட்டர் பேப்பர் என்கிற ஈர உப்புத்தாளால் புல்லட் டேங்க் முதல் டிராக்டர் பானெட் வரை தேய்த்தவன். முழு உருண்டையாக ஒன்றைத் தேய்த்ததில்லை. அதுவும், பந்து எண்ணெய் குடிக்கும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் வேலையைத் தொடங்கினேன். ஓட்டைகளை மாஸ்கிங் டேப்பால் அடைத்தேன். கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளித் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு. பந்தை உள்ளே இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். செத்த நேரத்தில் மேலே மஞ்சளாக ஒரு படலம் மிதந்தது. வெளியே எடுத்துத் துடைத்தால் மறுபடி பொட்டுப்பொட்டாக எண்ணெய் கசிந்தது. வேர்க்கிறது! கீழே ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். "தெரியும், போங்க" என்று அனுப்பிவிட்டாள். நானோ நாலு தடவை வாளியில் போட்டு எடுத்தேன். ஐந்தாவது தடவைதான் கசிவு நின்றது.

பழைய ஸ்கூட்டர் டயர் ஒன்றின்மேல் பந்தை உட்காரவைத்துத் தேய்த்தேன். முதலில் அறுநூறு நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு ஆயிரம், கடைசியில் இரண்டாயிரம். நம்பர் ஏற ஏறப் பேப்பர் மென்மையாகும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் உருண்டை கெட்டுவிடும் என்று அவள் சொல்லியிருந்ததால், நாலு பக்கமும் நூறு நூறாக எண்ணித் தேய்த்தேன். வடிந்த தண்ணீர் நீலமாக ஓடியது. மாலையில் அவள் வந்து தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இம்புட்டுதான். இதுக்கு மேல ஒண்ணும் பண்ணக் கூடாது. பாலிஷ் போட்டுராதீங்க."

"சரிட்டி" என்றேன்.

பந்து சாம்பல் பூசணிக்காய் மாதிரி மங்கிக் கிடந்தது. இருபது வருஷத்தில் இப்படியொரு பொருளை வேலை முடிந்ததென்று நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. "அதுவும் ஆயுதந்தானே, பட்டறையில வச்சுக் கும்பிட்டுட்டு எடுத்துட்டு வாங்க" என்று அவளே கொடுத்தனுப்பினாள். ஸ்பிரே கன், கம்ப்ரசர், ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மினுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன். திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் பந்தையும் வைத்தேன். எதிர் டீக்கடைக்காரர் பொரி வாங்க வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசம் ரெண்டு பூசணிக்காயா? சின்னதையும் ரோட்டுல உடைக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. என் கைவேலையைப் பார்த்து ஊரில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் நகர்ந்ததும் பாலிஷ் போடும் காம்பவுண்ட் பசையை எடுத்தேன். மில் கழிவுப் பஞ்சில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். மேலே ஒரு கோட் வேக்ஸ். பந்து ஜொலித்தது. சந்தனப்பொட்டும் சேர்ந்ததும் தனிக் களை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்ப வந்து அதில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள், விஜயதசமி மத்தியானம், பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதன்மேல் விரலை வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"யாரு என்ன சொன்னாங்க?" என்றாள். எனக்கு எப்போது கோணல் புத்தி வரும் என்று அவளுக்குத் தெரியும். பூசணிக்காய்க் கதையைச் சொன்னேன்.

"டீக்கடைக்காரருக்கு நல்லாருக்கணும்னு பண்ணீங்க. இது தரையைப் பிடிக்கணுங்க. சாயங்காலம் ரயில். நாளைக்கு நேராத்தான் போவும்." கண் கலங்கியதைக் காட்டாமல் துணியை மடிக்கப் போய்விட்டாள்.

வெட்கமாக இருந்தது. பளபளப்பின்மேல் பெயிண்ட் பிடிக்காது, முதலில் சொரசொரப்பாக்க வேண்டும் என்று வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். அது எனக்கு அந்தப் பந்தைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

மாடிக்கு ஓடினேன். வேக்ஸை எடுக்கத் தின்னர் டப்பாவைத் திறந்தபோது, பின்னாலேயே வந்தவள் என் கையைப் பிடித்தாள். "தின்னர் பட்டா பந்தே போயிரும்." மறுபடி வெந்நீர், சோப்பு. மறுபடி அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம். இந்தமுறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள். எண்ணியதும் அவள்தான். ரயிலுக்கு நேரமானபோது பந்து பழையபடி மங்கியிருந்தது.

"நானும் வாரேன். திரும்பலேன்னா அங்கனயே உக்காந்து தேய்க்கேன்" என்றேன். அவளுக்கு மட்டும்தான் டிக்கெட் பதிவாகியிருந்தது. நான் முன்பதிவில்லாத பெட்டியில், கூட்டத்துக்கு நடுவே, பந்தை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஆட்டம் நடக்கிற இடத்தில் ஏசி குளிரும், கட்டைகள் விழுகிற சத்தமும். அவள் நாலெட்டு ஓடி வந்து பந்தை விட்டாள். அது ஓரப் பள்ளத்தை நோக்கியே போனது. போச்சு என்று எழுந்துவிட்டேன். பள்ளத்துக்கு ஒரு கை அளவு இருக்கும்போது, வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்த ஆள் மாதிரி திரும்பியது. பத்தும் சாய்ந்தன. எந்த இடத்தில் பிடித்தது என்று பார்க்க அடுத்த பந்துக்குத் தளத்தோரமாகவே போய் நின்றேன். அங்கே நிற்கக் கூடாது என்று விரட்டினார்கள்.

நடுவில் அவள் பந்தையும் ஒரு துணியையும் நீட்டினாள். "எண்ணெயை மட்டும் துடைங்க." துடைத்தேன். கை பழக்கத்தில் வட்டம் போட ஆரம்பித்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் பெயரை அணியில் சேர்த்துப் படித்தார்கள். கூட ஆடுகிற பெண் பந்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கே, எந்த மெஷின்ல போட்டீங்க?" என்று கேட்டாள்.

பூசணிக்காய்க் கதை இப்போது வெளியே வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"மெஷின் எல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரரு கையாலயே தேய்ச்சது" என்றாள் அவள்.